நூறில் ஒரு பங்கை மட்டும் படித்து விடை சொல்லுதல்: தோராய வினவல் பொறி ஒன்றைக் கட்டிய பதிவு

கையில் இருந்த தரவு எளிமையானதுதான். ஓர் இணையச் சேவையின் அணுகல் லாக், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் அட்டவணை ஒன்றில் ஏறத்தாழ 4 கோடிப் பதிவுகளாகக் கிடந்தது. ஒவ்வொரு பதிவிலும் கோரிக்கை வந்த நேரம், பயனர் எண், கேட்கப்பட்ட பாதை, நிலைக்குறியீடு, மறுமொழி நேரம், அனுப்பிய பைட்டுகள் ஆகியவை இருந்தன. அதே புலங்களோடு ஐபி முகவரியும் உலாவியின் அடையாளச் சரமும் சேர்ந்த புதிய பதிவுகளும் ஓடையாக இடைவிடாமல் வந்துகொண்டிருந்தன. டாஷ்போர்டில் ஒருவர் கேள்வி கேட்டால், முழு அட்டவணையையும் படித்து முடித்து விடை வருவதற்குள் அவர் வேறு கேள்விக்குப் போய்விடுவார். எனவே ஓரிரு நொடிக்குள் "சராசரி மறுமொழி நேரம் 312 மில்லிநொடி, கூடக்குறைய 4" என்ற வடிவில் விடை தரும் சிறு பொறி ஒன்றைக் கட்டிப் பார்க்கலாம் என்று தொடங்கினேன். 312 என்பதை வரவழைக்க ஒரு மாலைப்பொழுது போதுமானதாக இருந்தது. அந்த 4 உண்மையானதுதானா என்று உறுதிப்படுத்துவதற்குத்தான் மீதி வாரங்கள் எல்லாம் செலவாயின.

முதல் முயற்சியில் நான் எதையும் எழுதவில்லை; போஸ்ட்கிரெஸே தருவதைப் பயன்படுத்தினேன். 9.5 பதிப்பிலிருந்து அதில், அட்டவணையின் ஒரு பகுதியை மட்டும் மாதிரியாக எடுக்கும் டேபிள்சாம்பிள் என்ற வசதி உண்டு. அதன் பெர்னோலி முறை ஒவ்வொரு பதிவுக்கும் தனித்தனியே சீட்டுப் போட்டுப் பார்க்கும்; ஆனால் அதற்காக அட்டவணையின் எல்லாப் பக்கங்களையும் படித்தாக வேண்டும் என்பதால் நேரம் பெரிதாக மிச்சமாவதில்லை. சிஸ்டம் முறை 8 கிலோபைட் பக்கங்களைச் சீட்டுப் போட்டு எடுத்து, எடுத்த பக்கத்தில் உள்ள எல்லாப் பதிவுகளையும் அப்படியே தந்துவிடும். என் பதிவு ஒன்று சுமார் 100 பைட் என்பதால் பக்கத்துக்கு 80 பதிவுகள், மொத்தம் 5 லட்சம் பக்கங்கள். நூறில் ஒரு பங்கு என்றால் 5,000 பக்கங்களைப் படித்தால் 4 லட்சம் பதிவுகள் கிடைத்துவிடுகின்றன. வேகம் கண்ணுக்குத் தெரிந்தது. மாதிரியின் திட்ட விலக்கத்தை மாதிரி அளவின் வர்க்கமூலத்தால் வகுத்து, 95 விழுக்காட்டு உறுதிக்கான 1.96 ஆல் பெருக்கி, "கூடக்குறைய" என்ற எண்ணையும் போட்டுவிட்டேன். மிகக் குறுகலான, பார்க்க அழகான வரம்பு.

சந்தேகம் வந்ததற்குக் காரணம், அடுத்தடுத்து இரண்டு முறை ஓட்டியபோது வந்த இரண்டு வரம்புகளும் ஒன்றையொன்று தொடக்கூட இல்லை என்பதுதான். உடனே ஒரு சோதனை எழுதினேன். முழு அட்டவணையையும் ஒருமுறை படித்து உண்மையான சராசரியை எடுத்து வைத்துக்கொண்டு, 200 வெவ்வேறு மாதிரிகளை எடுத்து, எத்தனை வரம்புகளுக்குள் அந்த உண்மை விழுகிறது என்று எண்ணுவதே சோதனை. 95 விழுக்காட்டு வரம்பு என்றால் 190ஐ ஒட்டி வர வேண்டும். வந்தது பாதிக்கும் குறைவு. இந்தச் சோதனையை முதல் நாளிலேயே எழுதியிருக்க வேண்டும்; அதன் பிறகு செய்த எதையும் இது இல்லாமல் நான் நம்பவில்லை.

காரணம் அட்டவணையின் கிடப்பில் இருந்தது. லாக் பதிவுகள் வந்த வரிசையிலேயே வட்டில் எழுதப்படுவதால், ஒரே பக்கத்தில் உள்ள 80 பதிவுகளும் ஒரே சில நொடிகளுக்குள் நடந்தவை. சர்வர் திணறிய நேரத்துப் பக்கத்தில் எல்லாமே மெதுவானவை. சும்மா இருந்த நேரத்துப் பக்கத்தில் எல்லாமே வேகமானவை. கணக்கெடுப்புப் புள்ளியியலில் இதற்கென ஒரு பெருக்கு எண் உண்டு: ஒரு கொத்தில் (இங்கே ஒரு பக்கத்தில்) உள்ள உறுப்புகளின் எண்ணிக்கையிலிருந்து ஒன்றைக் கழித்து, கொத்துக்குள் இருக்கும் ஒட்டுறவால் (உறுப்புகள் ஒன்றையொன்று எவ்வளவு ஒத்திருக்கின்றன என்ற அளவால்) பெருக்கி, ஒன்றைக் கூட்டினால், மாறுபாடு எத்தனை மடங்கு கூடுகிறது என்பது தெரியும். ஒட்டுறவு 0.2 என்று வைத்தால் 79 பெருக்கல் 0.2, கூட்டல் 1, ஆக 16.8. அதாவது நான் 4 லட்சம் என்று நினைத்துக்கொண்டிருந்த மாதிரி, செயலில் சுமார் 24,000 பதிவுகளுக்குத்தான் சமம். வரம்பு நான்கு மடங்குக்கும் சற்று மேலாக விரிந்திருக்க வேண்டும். மாதிரியை நான் தேர்ந்தெடுத்ததாக எண்ணினேன். உண்மையில் 80இல் 79 பதிவுகளை வட்டின் கிடப்புதான் தேர்ந்தெடுத்திருந்தது.

இதற்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, பக்கத்தையே ஓர் அலகாகக் கொண்டு கணக்கிடுவது. பதிவின் இருப்பிடத்தைச் சொல்லும் சிடிஐடி புலத்திலிருந்து பக்க எண்ணை எடுத்து, பக்கவாரியாகச் சராசரி கண்டு, 5,000 பக்கச் சராசரிகளின் விலக்கத்திலிருந்து வரம்பைப் போட்டால், அது அகலமாக இருந்தாலும் உண்மையானது. சோதனையில் 190ஐ ஒட்டியே வந்தது. மற்றொன்று, அட்டவணையையே ஒருமுறை கலைத்து எழுதிவிடுவது. ஆர்டர் பை ரேண்டம் என்று வரிசைப்படுத்திப் புதிய அட்டவணையாகச் சேமித்தேன்; 4 ஜிகாபைட்டைக் கலைப்பதற்கு வட்டில் தற்காலிக இடம் கணிசமாகத் தேவைப்பட்டது, ஆனால் அது ஒருமுறைச் செலவு. கலைத்த பிறகு எந்தத் தொடர்ச்சியான பக்கக் கூட்டமும் சீரற்ற மாதிரிதான். வட்டிலிருந்து வரிசையாகப் படித்துக்கொண்டே போகலாம், எந்த இடத்தில் நிறுத்தினாலும் விடை உண்டு.

ஹெலர்ஸ்டீன், ஹாஸ், வாங் ஆகியோர் 1997இல் முன்வைத்த "ஆன்லைன் திரட்டல்" என்ற எண்ணத்தின் அடிப்படை இதுவே: விடை முதல் நொடியிலேயே திரையில் தோன்றி, படிக்கப் படிக்க வரம்பு குறுகிக்கொண்டே வரும், கேட்டவர் போதும் என்று நினைக்கும்போது நிறுத்திக்கொள்ளலாம். வரம்பைப் பாதியாக்க நான்கு மடங்கு படிக்க வேண்டும் என்பதால், முதல் சில நொடிகளில் வரம்பு கிடுகிடுவென்று குறுகும், பிறகு நகரவே நகராததுபோல் தோன்றும். இதில் ஒரு நுணுக்கமும் உண்டு. வரம்பைப் பார்த்துக்கொண்டே இருந்து, அது தற்செயலாகக் குறுகும் கணத்தில் நிறுத்தினால், 95 விழுக்காடு என்ற உறுதி சற்றே கெடுகிறது. ஆகவே 10,000 பதிவுகளுக்குக் குறைவாகப் படித்த நிலையில் நிறுத்துவதற்கு நான் அனுமதிக்கவில்லை. இன்னொன்று, கலைத்த அட்டவணையை எப்போதும் தொடக்கத்திலிருந்தே படித்தால் ஒவ்வொரு நாளும் அதே மாதிரிதான் வரும். அது தற்செயலாகக் கோணலான மாதிரியாக இருந்தால் கோணல் தினமும் அப்படியே திரும்பும். எனவே ஒவ்வொரு கேள்விக்கும் தொடங்கும் பக்கத்தைச் சீட்டுப் போட்டு எடுக்கிறேன்.

அரிய குழுக்கள் எதிர்பார்த்தபடியே காலை வாரின. 4 கோடியில் 300 முறை மட்டுமே கேட்கப்பட்ட பாதை ஒன்று, நூறில் ஒரு பங்கு மாதிரியில் சராசரியாக 3 முறை வரும். ஒருமுறைகூட வராமல் போவதற்கும் ஏறத்தாழ 5 விழுக்காடு வாய்ப்பு உண்டு. டாஷ்போர்டைப் பார்ப்பவருக்கு அந்தப் பாதையே இல்லாததுபோல் இருக்கும். பாதைவாரியாக அதிகபட்சம் 1,000 பதிவுகள் என்று அடுக்கு மாதிரி ஒன்றைத் தனியே எடுத்து வைத்தேன். 1,000க்கும் குறைவான குழுக்கள் முழுமையாகவே அதில் இருப்பதால் அவற்றுக்கு விடை துல்லியமானது. 2013இல் வெளிவந்த பிளிங்க்டிபி என்ற தோராய வினவல் பொறி இவ்வகை அடுக்கு மாதிரிகளை முன்கூட்டியே சேமித்து வைக்கும் வழியைத்தான் பின்பற்றியது. அடுக்கு மாதிரியில் ஒவ்வொரு பதிவும் எத்தனை பதிவுகளுக்குப் பிரதிநிதி என்ற எடையைக் கூடவே சேமிக்க வேண்டும். ஒரு வினவலில் நான் அதை மறந்து வெறும் சராசரி எடுத்தபோது, யாரும் போகாத பாதைகளெல்லாம் மொத்தச் சராசரியை இழுத்துக்கொண்டு போயின.

இனி ஓடை. கலைத்த அட்டவணையில் நேற்றிரவு வரையிலான பதிவுகளே உண்டு. இன்று வருபவற்றுக்குத் தேக்க மாதிரி வைத்தேன். விட்டர் 1985இல் விரிவாக எழுதிய முறை இது. தேக்கத்தின் கொள்ளளவு 1,000 என்றால், முதல் 1,000 பதிவுகள் அப்படியே உள்ளே போகும். அதன்பின் வரும் ஒவ்வொரு பதிவுக்கும், இதுவரை வந்த மொத்த எண்ணிக்கைக்குள் ஓர் எண்ணைச் சீட்டுப் போட்டு, அது 1,000க்குள் விழுந்தால் அந்த இடத்தில் இருந்த பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைக்க வேண்டும். ஓடையின் நீளம் முன்கூட்டித் தெரிய வேண்டியதில்லை. பைதான் நிரல்மொழியில் பத்து வரிகூட வராது.

அந்தப் பத்து வரியில்தான் தவறு செய்தேன். சுழியத்திலிருந்து எண்ணத் தொடங்கும் இடத்தில், மேல் எல்லையையும் உட்கொள்ளும் ரேண்ட்இன்ட் சார்பைப் பயன்படுத்தியதால், ஒவ்வொரு முறையும் சீட்டுகள் ஒன்று கூடுதலாக இருந்தன. 200 முறைச் சோதனை இதைக் காட்டவே இல்லை. ஏன் என்று தாளில் போட்டுப் பார்த்தால் விளங்குகிறது: இந்தத் தவறினால் முதல் 1,000 பதிவுகள் மற்றவற்றைவிட 1,000க்கு 1,001 என்ற விகிதத்தில்தான் சலுகை பெறுகின்றன. அவ்வளவு சிறிய கோணலை எந்தச் சராசரியும் காட்டிக்கொடுக்காது. ஆனால் கொள்ளளவை 1 என்று வைத்தால் விகிதம் 1க்கு 2 ஆகிறது. 10 பதிவுகள் கொண்ட ஓடையை ஒரு லட்சம் முறை ஓட்டியபோது, ஒவ்வொன்றும் 10,000 முறையை ஒட்டித் தேர்வாக வேண்டிய இடத்தில், முதல் பதிவு மட்டும் 18,000க்கு மேலும் மற்றவை 9,100ஐ ஒட்டியும் வந்தன. மாதிரியெடுக்கும் நிரலை இயன்ற அளவு சிறிய கொள்ளளவில் சோதிப்பதே நல்லது. பெரிய கொள்ளளவு தவறை அழகாக மூடிவிடும். நேற்று வரையிலான பகுதியையும் இன்றைய பகுதியையும் சேர்ப்பதில் சிக்கல் ஏதும் இல்லை. இரண்டும் இரண்டு அடுக்குகள். சராசரிகளைப் பதிவு எண்ணிக்கையால் எடையிட்டுச் சேர்த்து, மாறுபாடுகளை அந்த எடைகளின் வர்க்கத்தால் பெருக்கிக் கூட்டினால் போதும்.

"எத்தனை வெவ்வேறு பயனர்கள்" என்ற கேள்விக்கு மாதிரி உதவாது. நூறில் ஒரு பங்கில் கண்ட பயனர்களை நூறால் பெருக்கினால், தினமும் வருபவர் பலராக எண்ணப்படுவார். பெருக்காமல் விட்டால், ஒருமுறை மட்டும் வந்தவர் காணாமல் போவார். இதற்கு ஓடையில் வரும் ஒவ்வொரு பதிவையும் தொட்டுப் பார்க்கும், ஆனால் மிகச் சிறிய இடத்தில் அடங்கும் ஸ்கெட்ச் தேவை. ஃபிளாஜோலேயும் உடன் பணியாற்றியோரும் 2007இல் வெளியிட்ட ஹைப்பர்லாக்லாக் முறையில், ஹேஷ் மதிப்பின் (பயனர் எண்ணைக் கலக்கிப் பெறும், சீரற்றதுபோல் தோன்றும் எண்ணின்) முன்பகுதி எந்தப் பெட்டி என்று சொல்லும். மீதிப் பகுதியின் தொடக்கத்தில் எத்தனை சுழியங்கள் என்பதில் மிகப் பெரியதைப் பெட்டி நினைவில் வைக்கும். பிழை, 1.04ஐப் பெட்டிகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் வருவது. 16,384 பெட்டிகளுக்கு அது 0.81 விழுக்காடு, பெட்டிக்கு 6 பிட் என்றால் 12 கிலோபைட். ரெடிஸ் என்ற நினைவகத் தரவுத்தளம் பயன்படுத்துவதும் இதே அளவைத்தான். நானே எழுதிப் பார்த்தேன்.

1 முதல் 10 லட்சம் வரையிலான பயனர் எண்களைக் கொடுத்து ஓட்டியபோது வந்த விடை: 1. நெடுநேரம் அந்த ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். பைதானின் உள்ளமைந்த ஹேஷ் சார்பு, இந்த அளவு முழு எண்களுக்கு அந்த எண்ணையே திருப்பித் தருகிறது. 64 பிட்டில் 10 லட்சம் என்பது மிகச் சிறிய எண்ணாதலால் முன்பகுதி 14 பிட்டுகளும் சுழியம். பத்து லட்சம் பேரும் ஒரே பெட்டிக்குள் போய்விட்டனர். மீதிப் பெட்டிகளெல்லாம் காலியாக இருப்பதைக் கண்ட நிரல், சிறிய எண்ணிக்கைகளுக்கான திருத்தச் சூத்திரத்துக்கு மாறி, சரியாகவே 1 என்று சொன்னது. எண்ணை எழுத்துச் சரமாக மாற்றி ஹேஷ் செய்தேன். விடை 10 லட்சத்துக்கு ஒரு விழுக்காட்டுக்குள் வந்தது. சரியாகிவிட்டது என்று மேலே போனேன்.

அது சரியாகவில்லை. ஓடையைத் தனித்தனியே ஓடும் இரண்டு செயல்முறைகளுக்குப் பிரித்துக் கொடுத்து, இரண்டு ஸ்கெட்ச்களையும் இணைத்தபோது, பயனர் எண்ணிக்கை ஏறத்தாழ இரட்டிப்பானது. ஹைப்பர்லாக்லாக்கின் பெரிய வசதியே, பெட்டிக்குப் பெட்டி பெரியதை எடுத்துக்கொண்டால் இணைப்பு முடிந்துவிடுகிறது என்பதும், இரு பக்கமும் வந்த பயனர் ஒருமுறைதான் எண்ணப்படுவார் என்பதும்தான். சோதித்துப் பார்க்க, அதே 10 லட்சம் பேரை இரண்டு செயல்முறைகளுக்கும் கொடுத்தேன். தனித்தனியே இரண்டும் 10 லட்சத்தை ஒட்டிச் சொல்லின. இணைத்தால் 20 லட்சத்தை ஒட்டி வந்தது. பைதான் 3.3 முதல், சரங்களின் ஹேஷ் ஒவ்வொரு செயல்முறையிலும் வெவ்வேறு சீரற்ற வித்துடன் (தொடக்க எண்ணுடன்) தொடங்குகிறது. பாதுகாப்புக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. ஒரே பயனருக்கு இரண்டு செயல்முறைகளில் இரண்டு ஹேஷ்கள் என்றால், இணைக்கும்போது அவர் இரண்டு பேர். நிலையான வித்துடன் கூடிய எக்ஸ்எக்ஸ்ஹேஷுக்கு மாறியதும் தீர்ந்தது. ஒரே செயல்முறையில் ஓடும் எந்தச் சோதனையும் இதைப் பிடித்திருக்காது என்பதை மட்டும் குறித்து வைத்தேன். இப்போது நிமிடத்துக்கு ஒரு ஸ்கெட்ச் சேமிக்கிறேன். கடந்த ஒரு மணி நேரத்து விடைக்கு 60 ஸ்கெட்ச்களை இணைத்தால் போதும், மொத்தம் 720 கிலோபைட்.

ஓடை பெருக்கெடுக்கும்போது எல்லாவற்றையும் ஏற்க முடியாது. சிலவற்றைக் கைவிட வேண்டும். காத்திருக்கும் பதிவுகளின் வரிசை நிரம்பியதும் புதிதாக வருபவற்றை மட்டும் தள்ளிவிடும் எளிய வழி, நெருக்கடியான நொடிகளையே மாதிரியிலிருந்து அகற்றிவிடுகிறது. வரிசை முக்கால்வாசி நிரம்பியதுமே, தெரிந்த வாய்ப்பளவோடு எல்லாப் பதிவுகளிலும் சீட்டுப் போட்டுக் கைவிட்டு, தப்பிய ஒவ்வொரு பதிவிலும் அது தப்பிய வாய்ப்பை எழுதி வைக்கிறேன். கூட்டும்போது அந்த வாய்ப்பின் தலைகீழியே எடை. ஹைப்பர்லாக்லாக் இந்தக் கைவிடும் கட்டத்துக்கு முன்பாகவே எல்லாப் பதிவுகளையும் பார்த்துவிடுகிறது. அதற்கு ஆகும் செலவு அற்பம்.

மிகுதியாகக் கற்றுக்கொண்டது வடிகட்டிகளின் வரிசையில்தான். ஓடையில் வரும் ஒவ்வொரு பதிவும் மூன்று வடிகட்டிகளைக் கடக்க வேண்டும். உலாவியின் அடையாளச் சரத்தை நீண்ட ரெகெக்ஸ் (எழுத்துக்கோலத்தைத் தேடும் வாய்பாடு) கொண்டு பார்த்துத் தானியங்கி நிரல்களை விலக்குவது ஒன்று: பதிவுக்கு 20 மைக்ரோநொடி செலவு, 60 விழுக்காட்டைத் தடுக்கிறது. ஐபி முகவரியைத் தடைப்பட்டியலில் தேடுவது இன்னொன்று: 4 மைக்ரோநொடி, 50 விழுக்காடு. நிலைக்குறியீட்டைப் பார்ப்பது மூன்றாவது: 1 மைக்ரோநொடி, 10 விழுக்காடு. வடிகட்டிகள் ஒன்றையொன்று சாராதவை என்றால், செலவைத் தடுக்கும் விகிதத்தால் வகுத்து, சிறியதிலிருந்து அடுக்குவதே மிகச் சிறந்த வரிசை. பட்டியலுக்கு 8, நிலைக்குறியீட்டுக்கு 10, ரெகெக்ஸுக்கு 33. அந்த வரிசையில் பதிவுக்குச் சராசரியாக 13.5 மைக்ரோநொடி ஆகும். போக்குவரத்தின் தன்மை நேரத்துக்கு நேரம் மாறுவதால், இந்த விகிதங்களை ஓட்டத்திலேயே அளந்து வரிசையை மாற்றிக்கொள்ளும்படி பொறியை அமைத்தேன்.

பொறி ரெகெக்ஸை முதலில் வைத்துத் தொடங்கியது. சில நிமிடங்களில் நிலைக்குறியீட்டை முன்னுக்குக் கொண்டுவந்தது, அதன்பின் அசையவில்லை. பட்டியல் வடிகட்டி கடைசியிலேயே கிடந்தது, அது எதையும் தடுப்பதே இல்லை என்று அளவீடு காட்டியது. சராசரிச் செலவு 20.4 மைக்ரோநொடி. அந்த வடிகட்டியையே தூக்கிவிடலாமா என்றுகூட யோசித்தேன். பிறகுதான் உறைத்தது: பட்டியலில் உள்ள முகவரிகள் ஏறக்குறைய அனைத்துமே தானியங்கி நிரல்களுடையவை, ரெகெக்ஸ் அவற்றை ஏற்கெனவே விலக்கிவிடுகிறது. பட்டியலுக்கு வந்து சேர்வது ரெகெக்ஸ் தேர்ந்தெடுத்து அனுப்பிய மிச்சம் மட்டுமே. அந்த மிச்சத்தில் அளந்தால் பட்டியல் பயனற்றதாகத்தான் தெரியும். பயனற்றதாகத் தெரிவதால் பின்னாலேயே இருக்கும். பின்னாலேயே இருப்பதால் அளவீடும் மாறாது. பக்க மாதிரியில் வட்டு செய்த வேலையை இங்கே முந்தைய வடிகட்டி செய்துகொண்டிருந்தது.

ஸ்டான்ஃபோர்டில் பாபுவும் உடனிருந்தோரும் 2004இல் முன்வைத்த ஏ-கிரீடி முறை இதற்கு நேரான மருந்து. எந்த வடிகட்டிக்கும் முன்பாகவே நூறில் ஒரு பதிவைச் சீட்டுப் போட்டு எடுத்து, அதை மட்டும் மூன்று வடிகட்டிகளிலும், முதலாவது தடுத்தாலும் விடாமல், ஓட்டிப் பார்த்து மூன்று விடைகளையும் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு முதலிடத்துக்கு எது என்று முடிவு செய்து, அது தடுக்காமல் விட்டவற்றுள் அடுத்து எது சிறந்தது என்று பார்த்துப் படிப்படியாக அடுக்க வேண்டும். மூன்றையும் ஓட்டும் செலவு 25 மைக்ரோநொடி. நூறில் ஒன்று என்பதால் பதிவுக்குக் கூடுதலாகக் கால் மைக்ரோநொடிதான். இதைப் பொருத்திய சிறிது நேரத்தில் பட்டியல் முதலிடத்துக்கு வந்தது.

இதற்கு முன், ஆவ்னரும் ஹெலர்ஸ்டீனும் 2000இல் எழுதிய "எடி" முறையையும் முயன்றிருந்தேன். அதில் நிலையான வரிசை என்பதே கிடையாது. ஒவ்வொரு பதிவும் அடுத்து எந்த வடிகட்டிக்குப் போக வேண்டும் என்று அந்த நேரத்திலேயே லாட்டரிச் சீட்டு முறையில் முடிவாகிறது. எண்ணம் என்னைக் கவர்ந்தாலும், பைதானில் பதிவுக்குப் பதிவு முடிவெடுக்கும் செலவே மிச்சப்படுத்தியதை விழுங்கிவிட்டது. 1,000 பதிவுகளுக்கு ஒருமுறை முடிவு என்று மாற்றியபின்தான் தாங்கியது. எந்த முறையானாலும், புதிய வரிசை குறைந்தது பத்தில் ஒரு பங்கு மிச்சப்படுத்தும் என்று தெரிந்தால் ஒழிய மாறக் கூடாது என்ற தடை தேவைப்பட்டது, இல்லாவிட்டால் 13.5க்கும் 13.6க்கும் இடையே பொறி ஊஞ்சலாடிக்கொண்டிருந்தது.

இன்னும் சரிவராமல் இருந்தது மொத்த பைட்டுகள் என்ற ஒரு கேள்வி. சில கோரிக்கைகள் மட்டும் மிகப் பெரிய கோப்புகளை இறக்குவதால், அவற்றில் ஒன்று மாதிரிக்குள் வந்தால் விடை துள்ளுகிறது, வராவிட்டால் வரம்பு பொய்யாகக் குறுகுகிறது. கலைத்த அட்டவணையிலும் 200இல் 190 எட்டவில்லை. மிகப் பெரிய 10,000 பதிவுகளைத் தனி அட்டவணையில் வைத்து அவற்றைத் துல்லியமாகக் கூட்டி, மற்றவற்றை மட்டும் மாதிரியிலிருந்து மதிப்பிட்டுச் சேர்த்தபின் எட்டியது. உச்ச மறுமொழி நேரம் எவ்வளவு என்ற கேள்விக்கு மட்டும் தோராய விடை தருவதில்லை. அதற்கு வட்டில் உள்ளவற்றுக்கு, மதிப்புகளை வரிசைப்படுத்தி வைக்கும் இண்டெக்ஸும் ஓடைக்கு ஒற்றை மாறியும் போதும். அடுத்து, மறுமொழி நேரத்தின் 99ஆம் விழுக்காட்டு மதிப்புக்கு, அத்தகைய மதிப்புகளைத் தோராயமாகச் சொல்லும் ஸ்கெட்ச்சான டி-டைஜஸ்ட்டைப் பொருத்த வேண்டும். அதற்கான 200 முறைச் சோதனையை இப்போதே எழுதி வைத்துவிட்டேன்.